சிர்கோனியா 3.6, கையடக்க அனலைசர் 4.8: எது சரி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கை எரிக்கும் பாய்லர். ஏர் ஹீட்டருக்கு முன்னால், புகைவாயு போகும் டக்டில் செருகியிருக்கும் சிர்கோனியா ப்ரோப் (சிர்கோனியம் ஆக்சைடு பீங்கானால் ஆன ஆக்சிஜன் சென்சார்) 3.6 சதவீதம் ஆக்சிஜன் காட்டுகிறது. எனர்ஜி ஆடிட்டுக்கு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த அனலைசரின் குழாயைப் பக்கத்துத் துளையில் விட்டுப் பார்த்தபோது 4.8 வந்திருக்கிறது. “ப்ரோப் பழுது, மாற்றவும்” என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்கள். ஒரு பீங்கான் துண்டு எப்படி ஆக்சிஜனை அளக்கும், அதை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். நான் பல வருடங்களாக பாய்லர், ஃபர்னஸ் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்த்து வருகிறேன். ப்ரோப்பைக் கழற்றிப் போடும் முன் இதைப் படியுங்கள். என் கணிப்பில் இரண்டு கருவியும் சரியாகத்தான் வேலை செய்கின்றன. இரண்டுக்கும் கிடைக்கும் வாயுதான் ஒன்றில்லை.

சிர்கோனியா ப்ரோப் சதவீதத்தை அளப்பதே இல்லை. அது அளப்பது ஒரு விகிதத்தை: பீங்கானின் ஒரு பக்கம் உள்ள ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், மறுபக்கம் உள்ளதைப் போல எத்தனை மடங்கு என்பதை. சதவீதம் என்பது அந்த விகிதத்திலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் கணக்குப் போட்டுச் சொல்வது. இது பிடிபட்டுவிட்டால் இந்தக் கருவியின் நல்ல குணம், கெட்ட குணம் எல்லாவற்றுக்கும் காரணம் தானாகவே புலப்படும்.

சுத்தமான சிர்கோனியம் ஆக்சைடை அப்படியே பயன்படுத்த முடியாது. சுமார் 1170 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதன் படிக அமைப்பு மாறுகிறது; குளிரும்போது திரும்ப மாறி, கன அளவு சட்டென்று கூடி, பீங்கான் வெடித்துவிடும். அதனால் யிட்ரியாவை, அதாவது யிட்ரியம் ஆக்சைடைக் கலந்து சுடுகிறார்கள். சென்சார்களில் பரவலாக இருப்பது 8 மோல் சதவீதக் கலவை. யிட்ரியா படிக அமைப்பைக் கட்டிப்போடுவதோடு நமக்கு வேண்டிய இன்னொரு காரியத்தையும் செய்கிறது. சிர்கோனியம் அயனிக்கு நான்கு நேர்மின்சுமை, யிட்ரியம் அயனிக்கு மூன்றுதான். கணக்கைச் சரிக்கட்ட, இரண்டு யிட்ரியம் உள்ளே போனால் ஓர் ஆக்சிஜன் இடம் காலியாக விடப்படுகிறது. நெரிசலான பஸ்ஸில் ஓர் இருக்கை காலியானால் பக்கத்தில் இருப்பவர் அதற்கு நகர்வார், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர்வார். அப்படித்தான் ஆக்சிஜன் அயனிகள் இந்தக் காலியிடங்கள் வழியாகப் பீங்கானுக்குள் நகர்கின்றன. எலெக்ட்ரான்களுக்கு இதில் வழியில்லை. வாயு மூலக்கூறுகளுக்கும் இல்லை. ஆக்சிஜன் அயனிக்கு மட்டுமே வழி. அதுவும் பீங்கான் நன்றாகச் சூடாக இருந்தால்தான். அறை வெப்பநிலையில் இது ஒரு மின்காப்பான். அதனால்தான் ப்ரோப்பின் முனையில் ஹீட்டர் வைத்து, செல்லை, அதாவது அளக்கும் அந்தப் பீங்கான் பகுதியை, எப்போதும் 700 டிகிரி வாக்கில் பிடித்து வைக்கிறார்கள்.

இந்தக் குணம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. வால்தர் நெர்ன்ஸ்ட் 1890களின் இறுதியில் சிர்கோனியா, யிட்ரியா கலந்த சிறு குச்சிகளை வைத்து ஒரு மின்விளக்கு செய்தார். அந்தக் குச்சியை முதலில் வெளியிலிருந்து சூடாக்கினால்தான் மின்சாரம் பாய்ந்து ஒளிரும். அது ஏன் கடத்துகிறது என்பதற்குக் காலியிட விளக்கத்தை 1943இல் கார்ல் வாக்னர் கொடுத்தார். அதை ஆக்சிஜன் அளக்கும் செல்லாக மாற்றியது 1950களின் இறுதியிலும் 60களின் தொடக்கத்திலும். செல்லின் மின்னழுத்தத்தைக் கணக்கிட நாம் இன்றும் போடும் சமன்பாடும் நெர்ன்ஸ்டுடையதுதான், 1889இல் எழுதியது.

செல்லுக்குள் நடப்பது இதுதான். பீங்கானின் இரண்டு பக்கமும் நுண்துளைகள் உள்ள பிளாட்டினப் பூச்சு இருக்கிறது. ஒரு பக்கம் ரெஃபரன்ஸ் ஏர், அதாவது 20.95 சதவீதம் ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்று. மறுபக்கம் புகைவாயு. காற்றுப் பக்கம் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பிளாட்டினத்திலிருந்து நான்கு எலெக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு, இரண்டு ஆக்சைடு அயனிகளாகிப் பீங்கானுக்குள் நுழைகிறது. புகைவாயுப் பக்கம் இரண்டு அயனிகள் அந்த நான்கு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு மறுபடி மூலக்கூறாகி வெளியேறுகின்றன. எலெக்ட்ரான்கள் பீங்கான் வழியே திரும்பி வர முடியாது. மீட்டரும் கரண்ட் இழுப்பதில்லை. அதனால் ஒரு பக்கம் எலெக்ட்ரான் குறைந்து, மறுபக்கம் கூடி, ஒரு மின்னழுத்தம் உருவாகிறது. அது போதுமான அளவு வந்ததும் அயனிகளின் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. அந்த மின்னழுத்தம்தான் நாம் படிக்கும் மில்லிவோல்ட். கணக்கு இவ்வளவுதான்: கெல்வினில் செல் வெப்பநிலையை 0.0496ஆல் பெருக்கி, இரு பக்க ஆக்சிஜன் அழுத்த விகிதத்தின் பத்தடி மடக்கையால் (log) மீண்டும் பெருக்கினால் மில்லிவோல்ட் வரும். 700 டிகிரி என்றால் விகிதம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறைக்கும் 48.3 மில்லிவோல்ட்.

இரண்டு பக்கமும் காற்று என்றால் பூஜ்யம். புகைவாயுவில் 10 சதவீதம் என்றால் 15.5, 5 சதவீதத்துக்கு 30, 3 சதவீதத்துக்கு 40.7, 1 சதவீதத்துக்கு 63.8, 0.1 சதவீதத்துக்கு 112 மில்லிவோல்ட். ஆக்சிஜன் குறையக் குறைய சிக்னல் வலுக்கிறது என்பதைக் கவனியுங்கள். இதுதான் சிர்கோனியாவின் பெரிய பலம். 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில்கூட 257 மில்லிவோல்ட் கிடைக்கும். எதிர்முனையில், ஆக்சிஜன் ஆலைகளில் வரும் 93 சதவீத வாயுவில் மின்னழுத்தம் எதிர்க்குறியாகி சுமார் மைனஸ் 31 மில்லிவோல்ட் ஆகிறது. அங்கே ஒரு சதவீத மாற்றத்துக்குக் கால் மில்லிவோல்ட்கூட அசையாது. பாய்லருக்கு வேண்டிய 2 முதல் 8 சதவீத வரம்பு இந்தக் கருவிக்கு வசதியான இடம்.

இனி உங்கள் 3.6, 4.8 விவகாரம். ப்ரோப் டக்டுக்குள்ளேயே நிற்கிறது. அங்கே நீராவி நீராவியாகவே இருக்கிறது, அதையும் சேர்த்த மொத்த வாயுவில் ஆக்சிஜனின் பங்கைத்தான் ப்ரோப் பார்க்கிறது. ஆடிட்டர்களின் அனலைசர் வாயுவைக் குழாய் வழியே உறிஞ்சி, குளிரவைத்து, தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்துவிட்டு, மீதியைத்தான் தன் எலெக்ட்ரோகெமிக்கல் செல்லுக்கு அனுப்புகிறது. சோதனை முடிந்ததும் அந்தக் கிண்ணத்தில் தேங்கியிருந்த தண்ணீரை அவர்கள் கொட்டியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நீராவி போய்விட்டால் மொத்தம் குறையும், மீதி வாயுக்களின் பங்கு கூடும். முன்னது ஈர அடிப்படை, பின்னது உலர் அடிப்படை.

நிலக்கரி பாய்லரில் இந்த வித்தியாசம் சிறியது. பலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். சக்கையில் அப்படி விட முடியாது. ஆலையிலிருந்து வரும் சக்கையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். சக்கையில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து உருவாகும் நீரையும் சேர்த்தால், ஒரு கிலோ சக்கைக்கு 800 கிராம் அளவுக்கு நீராவி புகைவாயுவில் வருகிறது. 50 சதவீத ஈரம், 30 சதவீத உபரிக் காற்று (எரியத் தேவையானதற்கு மேல் கொடுக்கும் காற்று) என்று வைத்து நான் கணக்கிட்டால், புகைவாயுவின் கன அளவில் நீராவி மட்டும் கால்பங்குக்குச் சற்று மேல். ஈர அடிப்படையில் ஆக்சிஜன் 3.6, அதே வாயுவை உலர்த்தினால் 4.8. உங்கள் இரண்டு எண்களும் அப்படியே வந்து விழுகின்றன. சக்கையின் ஈரத்தை நீங்கள் சொல்லவில்லை, நான் 50 என்று எடுத்துக்கொண்டேன். அதனால் இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நீராவி தனியாகவே உண்டாக்க முடியும் என்பதில் சந்தேகமில்லை.

ப்ரோப் பழுது என்ற முடிவை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணம் உண்டு, என் அனுபவத்தில் இதுதான் கனமானது. சிர்கோனியா ப்ரோப்பில் வழக்கமாக வரும் கோளாறுகள் பெரும்பாலும் ரீடிங்கை ஏற்றும், இறக்காது. செல்லில் விரிசல் விட்டால் இரு பக்க வாயுவும் கலந்து மில்லிவோல்ட் பூஜ்யத்தை நோக்கி விழும், ரீடிங் 21ஐ நோக்கி ஏறும். கேஸ்கெட் வழியாகவோ, கேலிபரேஷன் குழாயின் மூடி சரியாக இறுகாததாலோ காற்று உள்ளே வந்தாலும் ரீடிங் ஏறும். ரெஃபரன்ஸ் பக்கம் புகைவாயு கசிந்தாலும், அங்கே வரும் காற்றில் எண்ணெய் ஆவி இருந்து சூடான பிளாட்டினத்தில் எரிந்தாலும், ரெஃபரன்ஸ் ஆக்சிஜன் குறைந்து ரீடிங் ஏறத்தான் செய்யும். ரெஃபரன்ஸுக்கு உலர்ந்த இன்ஸ்ட்ருமென்ட் ஏர் கொடுக்காமல் சுற்றுப்புறக் காற்றையே விட்டிருந்தால், 35 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் அந்தக் காற்றின் ஆக்சிஜன் 20.95 அல்ல, 20.0தான். கருவிக்கு அது தெரியாது, உண்மையில் 3.6 இருக்கும்போது 3.77 என்று காட்டும். உங்கள் ப்ரோப்போ ஒப்பீட்டில் குறைவாகக் காட்டுகிறது. அந்தத் திசையில் இழுக்கும் கோளாறுகள் மிகச் சில.

வெப்பநிலைப் பிழையாக இருக்கலாமே என்று கேட்கலாம். செல்லின் தெர்மோகப்பிள் 20 டிகிரி தவறினால், 3.6இல் வரும் பிழை 0.13 சதவீதம்தான். 4.8ஐ 3.6 என்று தவறாகக் காட்ட வேண்டுமானால், கருவி 700 என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது செல் உண்மையில் 890 டிகிரியில் இருந்தாக வேண்டும். ஹீட்டர் கண்ட்ரோல் கைவிட்டுப் போனால் ஒழிய அப்படி நடக்காது. போயிருந்தால் ரீடிங் இப்படி நிதானமாகவும் நிற்காது. டக்டின் டிராஃப்ட் (உள்ளே இருக்கும் லேசான உறிஞ்சழுத்தம்) பற்றியும் கவலை வேண்டாம். தண்ணீர் அளவில் 15 மில்லிமீட்டர் என்பது வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. ஊட்டி போன்ற மேட்டிலும் இந்தக் கருவி தடுமாறாததற்குக் காரணம் அதே விகிதம்தான்: இரண்டு பக்க அழுத்தமும் ஒன்றாகக் குறைகின்றன.

ரீடிங்கை உண்மையாகவே கீழே இழுக்கக்கூடியது எரியாத வாயு. 700 டிகிரியில் இருக்கும் பிளாட்டினம் நல்ல வினையூக்கி. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் செல்லின் முகத்திலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துவிடும். மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத்தான் செல் பார்க்கும். இரண்டு மூலக்கூறு கார்பன் மோனாக்சைடுக்கு ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் போகும். ஆகவே 2000 பிபிஎம் இருந்தால் ரீடிங் 0.1 குறையும், 5000 இருந்தால் 0.25 குறையும். குளிர்ந்த நிலையில் வேலை செய்யும் கையடக்க அனலைசரில் இந்த எரிதல் இல்லை. சக்கை ஈரமாக வரும்போதும், கிரேட்டில் குவியலாக விழும்போதும் கார்பன் மோனாக்சைடு எகிறுவது வழக்கம். ஆடிட் ரிப்போர்ட்டில் அதற்கான எண் கட்டாயம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். 1.2 வித்தியாசத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

பாய்லரில் தொல்லையாகத் தெரியும் இதே குணத்தை வாகனங்களில் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். 1976இல் பாஷ் நிறுவனம் கொண்டுவந்து வோல்வோ கார்களில் முதலில் பொருத்திய லாம்ப்டா சென்சார் இதே பீங்கான்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு நம்மூர் பைக்குகளின் சைலன்சர் குழாயிலும் இது இருக்கிறது. பெட்ரோல் கொஞ்சம் கூடினாலும் மிச்ச ஆக்சிஜன் பிளாட்டினத்தில் எரிந்து தீர்ந்து, கற்பனைக்கெட்டாத அளவுக்குக் குறைந்துவிடும், மின்னழுத்தம் 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்கு ஒரே தாவலாக ஏறும். எஞ்சினுக்கு வேண்டியது அந்தத் தாவல் எங்கே நடக்கிறது என்பது மட்டுமே.

இங்கிருந்து உங்கள் பாய்லரைப் பார்க்க முடியாததால் தீர்த்துச் சொல்ல இயலாதவை இரண்டு. ஒன்று, ஆடிட்டர்களின் குழாயில் கசிவு இருந்ததா என்பது. உறிஞ்சும் குழாய் என்பதால் ஒரு தளர்ந்த இணைப்பு போதும், வெளிக்காற்று கலந்து ரீடிங் ஏறிவிடும். இரண்டு, டக்டுக்குள் வாயு சீராக இருக்கிறதா என்பது. அகலமான டக்டில் ஒரு சுவரோரம் இருக்கும் ஆக்சிஜனும் நடுவில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மேன்ஹோல் கதவோ எக்ஸ்பேன்ஷன் ஜாயின்டோ பக்கத்தில் ஒழுகினால் இந்த வேறுபாடு இன்னும் அதிகமாகும். இரண்டு துளைகளும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன, கையடக்கக் குழாய் எவ்வளவு ஆழம் போனது என்பதை அளந்து பார்க்க வேண்டும்.

கசிவா, நீராவியா என்று பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. உபரிக் காற்றைக் கொஞ்சம் கூட்டி, ப்ரோப் 7க்குப் பக்கத்தில் காட்டும்படி வைத்து, கையடக்க அனலைசரை மறுபடி விடுங்கள். நீராவிதான் காரணம் என்றால் வித்தியாசம் கூடும்: ஈர அடிப்படையில் 6.9 இருக்கும் அதே சக்கைப் புகை உலர் அடிப்படையில் 8.7 வரும், அதாவது 1.2 இருந்த இடைவெளி 1.8 ஆகும். குழாயில் காற்றுக் கசிவு என்றால் வித்தியாசம் குறையும். வெளிக்காற்றுக்கும் புகைவாயுவுக்கும் உள்ள தூரம் சுருங்குவதால் அந்த 1.2 இப்போது 1.0 வாக்கில் நிற்கும். புதிய கருவி எதுவும் தேவையில்லை, அரைமணி நேர வேலை. ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு, லோடு நிலையாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

அதோடு, ப்ரோப்பின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து செல் மில்லிவோல்ட்டை ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டரில் நேராகப் படியுங்கள். செல் 700 டிகிரியில் இருந்தால், 3.6க்கு 36.9 வர வேண்டும். 30.9 வந்தால் செல் சொல்வது 4.8, எலெக்ட்ரானிக்ஸோ டிசிஎஸ் (கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர்) ஸ்கேலிங்கோதான் தவறு. உங்கள் மாடலின் செல் வெப்பநிலை வேறு என்றால் மேலே சொன்ன கணக்கில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கேலிபரேஷன் வாயுவை விடுங்கள், 0.4 சதவீதமும் 8 சதவீதமும் உள்ள நைட்ரஜன் கலவை சிலிண்டர்கள் பொதுவாகக் கிடைக்கும். ஓட்ட அளவு மேனுவலில் உள்ளபடியே இருக்கட்டும். குறைந்தால் புகைவாயு கலந்துகொள்ளும், கூடினால் செல் குளிரும். வாயுவை நிறுத்தியதும் ரீடிங் பழைய இடத்துக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பாருங்கள். சக்கைச் சாம்பல் ஃபில்டரில் படிந்து இறுகியிருந்தால் அது நிமிடக்கணக்கில் இழுக்கும். அப்படி இருந்தால் மாற்ற வேண்டியது ஃபில்டர்.

கேலிபரேஷன் சிலிண்டரில் உள்ள வாயு உலர்ந்தது. அதில் ப்ரோப் துல்லியமாக நின்றாலும், டக்டுக்குள் போனதும் ஈர அடிப்படையில்தான் படிக்கும். ஆகவே கேலிபரேஷன் சரியாக இருந்தும் 3.6க்கும் 4.8க்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும், இருக்கவும் வேண்டும். இந்த இடத்தில்தான் பல ஆலைகளில் விபரீதம் நடக்கிறது. கையடக்க அனலைசரோடு ஒத்துப்போகட்டும் என்று ப்ரோப்பின் ஸ்லோப்பை (மில்லிவோல்ட்டைச் சதவீதமாக்கும் கணக்கின் திருத்தத்தை) திருகி 4.8 ஆக்கிவிடுவார்கள். அதன் பிறகு செட்பாயின்ட் (கண்ட்ரோலுக்குக் கொடுத்திருக்கும் இலக்கு அளவு) 3.6இலேயே இருந்தால் கண்ட்ரோல் லூப் காற்றை வெட்டும், ஃபர்னஸில் எரியாத வாயு ஏறும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

காற்றைக் கட்டுப்படுத்த ஈர அடிப்படை ரீடிங்கே போதும், செட்பாயின்ட்டும் அதே அடிப்படையில் இருந்தால் சரி. எஃபிஷியன்சி கணக்குக்கும், ஸ்டேக் எமிஷன் எண்களைத் திருத்துவதற்கும் உலர் மதிப்பு வேண்டும். ஆக்சிஜன் சதவீதத்தை, 20.95இலிருந்து அதே சதவீதத்தைக் கழித்துக் கிடைக்கும் எண்ணால் வகுக்கும் அந்தப் பழகிய சூத்திரத்தில் 4.8 போட்டால் உபரிக் காற்று 30 சதவீதம் வரும். 3.6ஐப் போட்டால் 21 வரும், அது பொய். ஆடிட் ரிப்போர்ட்டில் அடிப்படை எது என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

சீசன் முடிந்து ஷட்டவுனில் ப்ரோப்பைக் கழற்றினால் இரண்டு விஷயம். ஃபிளாஞ்சில் சிலிக்கோன் சீலன்ட் பூசவே கூடாது. அதன் ஆவி பிளாட்டினத்தின் மேல் சிலிக்காவாகப் படிந்து செல்லைக் கெடுக்கும். மறுபடி பாய்லர் கொளுத்தும்போது, ஃபர்னஸை முறையாகப் பர்ஜ் செய்து (தேங்கிய வாயுவைக் காற்றால் வெளியேற்றி) முடிக்கும்வரை ப்ரோப் ஹீட்டரைப் போடாதீர்கள். 700 டிகிரியில் இருக்கும் பிளாட்டினம், எரியாத வாயு தேங்கிய டக்டில் ஒரு தீப்பொறிக்குச் சமம்.

புது ப்ரோப்புக்கு பர்ச்சேஸ் ரெக்விசிஷன் போடுவதை நிறுத்தி வையுங்கள். செல் மில்லிவோல்ட், செல் வெப்பநிலை, ரிப்போர்ட்டில் உள்ள கார்பன் மோனாக்சைடு, லேபில் எடுத்த சக்கை ஈரம், காற்றைக் கூட்டியபோது இரண்டு கருவியிலும் வந்த எண்கள் ஆகியவற்றை இதே இடத்தில் போடுங்கள். அவை கையில் இருந்தால் மீதியையும் கணக்கிட்டுச் சொல்கிறேன்.